மூணு டயர் போதும்

ராஜநாயகம் சார் கார் ஓட்டுவதைப் பார்த்தால் பின்னால் வருகிற சைக்கிள்காரருக்கே கொட்டாவி வந்துவிடும். கச்சேரி சாலையிலிருந்து ராயப்பேட்டை டயர் கடைக்கு அன்று காலை அவர் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் நாலைந்து ஆட்டோக்காரர்கள் அவருடைய குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறுபத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வேறு. இந்த வசவுக்கெல்லாம் அசைகிற ஆளா அவர்?

கடை ஒன்றும் பெரிசில்லை. ஷட்டர் போட்ட ஒரே அறை, வாசலில் கம்ப்ரசர், சுவரோரமாகக் கூரைவரை அடுக்கிய டயர்கள். உள்ளே கால் வைத்தாலே ரப்பர் நெடி தொண்டையைப் பிடிக்கும். வெளியே மே மாதத்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே மட்டும் அரை இருட்டு.

கடைக்காரர் வலியுல்லா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இன்னா சார், வண்டிய பீரோவுல வச்சிப் பூட்டிக்கினு இருந்தீங்களா?"

கேட்டதில் தப்பில்லை. எட்டு வருஷத்துக் கார் என்று அடித்துச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். வெள்ளை நிறம் துளி மங்கவில்லை. மீட்டரில் பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கோயிலுக்குப் பூசைக்கு, மாதம் ஒருமுறை கொட்டிவாக்கத்தில் மகள் வீட்டுக்கு, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த உலகம். மற்ற நாளெல்லாம் வீட்டுப் பக்கத்து ஷெட்டில் உறை போட்டு மூடிக் கிடக்கும். சனிக்கிழமை தோறும் ராஜநாயகம் உறையை உருவி, துடைத்து, ஆயில் பார்த்து, மறுபடி போர்த்திவிட்டு வருவார்.

"பொண்ணுக்குப் பிரசவ நேரம் பாய். இன்னும் பத்து நாள்தான் சொல்லியிருக்காங்க. மாப்பிள்ளை கப்பல்ல இருக்கார். நான்தான் கூட்டிட்டுப் போகணும். அதான் டயரை மாத்திரலாம்னு வந்தேன்."

"டாக்ஸி புக் பண்ணிக்க வேண்டியதுதானே சார்?"

"நேரத்துக்கு அவன் கேன்சல் பண்ணிட்டான்னா?"

வலியுல்லா சிரித்தார். அதற்கு மேல் வாதாட சென்னைக்காரர் யாருக்கும் வாய் வராது. குனிந்து முன்சக்கரத்தைக் காட்டினார்.

"மேல பட்டன பாருங்க, துளி தேயல, அப்டியே புதுசா கீது. ஆனா சைடுல பாருங்க." ரப்பரில் மெல்லிசாக ஓடிய வெடிப்புக்குள் நகத்தை விட்டுக் காட்டினார். "இதோ நாலு நம்பர் கீது பாருங்க, இதான் டயரு பொறந்த வாரமும் வருஷமும். எட்டு வருஷம் ஆச்சி. ஓடற டயர் தேஞ்சி சாவும் சார். நிக்கற டயர் காஞ்சி சாவும்."

அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். மனுஷன் நல்ல வியாபாரி, அதைவிட நல்ல மனுஷன். அறுபதாயிரம் கிலோமீட்டர் வரும் என்கிற விலை ஜாஸ்தியான டயரை அவரே ஓரமாகத் தள்ளினார். "நீங்க அறுபதாயிரம் ஓட்டணும்னா இன்னொரு பொறப்பு எடுக்கணும் சார். இது வேணாம். பழைய ஸ்டாக் பாதி வெலைக்குத் தர்றேன்னு எவனாவது சொன்னா அத்தையும் வாங்காதீங்க, குடோன்ல மூணு வருஷம் தூங்கினதா இருக்கும். இந்தா, இது நடுத்தரம். போன மாசம் வந்தது. பிரேக் புடிச்சா நிக்கும், மழையில வழுக்காது. ஆறு வருஷத்துல எப்டியும் மாத்தப் போறீங்க, அதுவரைக்கும் இது போதும்."

ராஜநாயகம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு புது டயரின் நாலு நம்பரையும் படித்தார். வாத்தியார் அல்லவா, படிக்காமல் விடுவாரா? பிறகு தலையை ஆட்டினார்.

"சரி பாய். மூணு போட்டுருங்க."

"மூணா?" வலியுல்லா திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், ஆட்டோவா ஓட்றீங்க?"

ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்த தங்கபுஷ்பம் களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தக் கடையில் டயர் கழற்றி மாட்டுகிறவள் அவள்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். நைட்டிக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் எந்நேரமும் கிரீஸ்.

"பின்னால இடது பக்கம் வேணாம்," என்றார் ராஜநாயகம். "அது நல்லாத்தான் இருக்கு."

வலியுல்லா கேஜை எடுத்து நாலு சக்கரத்திலும் காற்றுப் பார்த்தார். முன்னால் இரண்டும் இருபத்திரண்டு. பின்னால் வலது பக்கம் இருபத்தாறு. இடது பக்கம் முப்பத்திமூன்று.

"இதுக்கு மட்டும் எப்போ காத்து அடிச்சீங்க?"

"மூணு வருஷமாச்சு பாய்."

வலியுல்லா கேஜைத் தட்டிப் பார்த்தார். மறுபடி வைத்தார். முப்பத்திமூன்று. ராஜநாயகம் வாசலில் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சொல்லத்தான் எவ்வளவோ இருந்தது. எப்படிச் சொல்வது?

மூணு வருஷத்துக்கு முன்னால், பங்குனியில், அறுபத்துமூவர் திருவிழா அன்றைக்கு நடந்தது அது. மயிலாப்பூரில் அன்றைக்கு எள் போட்டால் எள் விழாது. அவர் குடியிருந்த தெரு மட்டும் காலியாகி, ஜனமெல்லாம் சாமி பார்க்கவும் பந்தலில் மோர் வாங்கிக் குடிக்கவும் போயிருந்தது. மத்தியானம் மூணரை மணிக்கு ராஜநாயகத்துக்கு நெஞ்சை அடைத்தது.

அவர் மனைவி அல்போன்சா ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினாள். லஸ் பக்கம் நிற்கிறோம், கூட்டம் வழிவிடவில்லை என்று பதில் வந்தது. பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டபோதும் அதே பதில். அதற்கு மேல் அவள் காத்திருக்கவில்லை. புருஷனைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்து காரின் பின்சீட்டில் கிடத்தினாள். சுற்றி வந்து பார்த்தால், பின்னால் இடது பக்க டயர் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை அமுக்கிப் பார்த்தாள். அதிலும் காற்றில்லை.

என்னத்தைச் சொல்ல! வாரா வாரம் வண்டியைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலத் துடைத்து வைத்த மனுஷன், ஸ்டெப்னியை ஒரு நாள், ஒரே ஒரு நாள், தொட்டுப் பார்த்ததில்லை. ஓடாத வண்டிக்கு என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு.

டிக்கியில் ஒரு கால் பம்ப் கிடந்தது. அல்போன்சாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. மாடிப்படி ஏறினாலே இழுக்கும். அவள் அந்தப் பம்பை வால்வில் மாட்டி மிதிக்க ஆரம்பித்தாள்.

பின்சீட்டில் கிடந்தவருக்கு எல்லாம் கேட்டது. கிறீச்சென்று பம்ப். அடுத்து அவளுடைய இழுப்பு. மறுபடி பம்ப். மறுபடி இழுப்பு. அவருக்கோ வலியில் உயிர் போனது.

"சீக்கிரம் அல்போன்சா... சீக்கிரம்," என்றார்.

அவள் இன்னும் வேகமாக மிதித்தாள்.

டயர் எழுந்தது. அவளே ஓட்டினாள். சந்து சந்தாக நுழைந்து, கடற்கரைப் பக்கமாகச் சுற்றி, அடையாறு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் அவரைச் சேர்த்தாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பி வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து யாரோ பார்த்தபோது ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தபடி இருந்தாளாம். இன்ஹேலர் வீட்டிலேயே கிடந்தது. உள்ளே புருஷன் பிழைத்துக்கொண்டான் என்று அவளிடம் சொல்ல ஒரு நாதி இல்லை.

ராஜநாயகத்துக்கு ஆறாம் நாள்தான் விஷயத்தைச் சொன்னார்கள். அதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் கடைசியாக அவர் சொன்னது 'சீக்கிரம்' என்ற ஒரு வார்த்தை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த டயரில் இருப்பது அவள் மிதித்த காற்று. பெட்ரோல் பங்கில் மற்ற மூன்றுக்கும் காற்று அடிக்கச் சொல்வார். அதைத் தொடவிடமாட்டார். அதுவும் குறையவே குறையாது. சனிக்கிழமைகளில் ஷெட்டுக்குள் உட்கார்ந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். சில நாள் அது கைக்கடியில் மெல்ல ஏறி இறங்குகிற மாதிரி இருக்கும். கிழட்டுக் கை நடுங்குகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். மகள் ஷில்பாவிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அவள் நேரே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள்.

"சார், இங்க வாங்க. உங்க கண்ணால பாத்துக்கங்க."

தங்கபுஷ்பம்தான் கூப்பிட்டாள். ஜாக்கி போட்டு வண்டி தூக்கியிருந்தது. இடது பக்கச் சக்கரத்தின் உட்புறத்தில் அவள் டார்ச் அடித்தாள். வெளியே தெரியாத அந்தப் பக்கம் ரப்பர் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே நூல் தெரிந்தது.

"மத்த மூணும் தேவலாம் சார். இதான் மோசம். இவ்ளோ நாள் எப்படித் தாங்குச்சுன்னே தெரியல. புள்ளத்தாச்சியை ஏத்திக்கிட்டு ஈசிஆர் ரோட்டுல போவீங்க. அங்க வச்சு இது வெடிச்சா வண்டி நிக்குமா சொல்லுங்க?"

"ஸ்டெப்னியா வச்சுக்கலாமே? காத்தை எடுக்காம?"

"அவசரத்துக்கு எடுத்து மாட்ட முடியாத டயர் எதுக்கு சார் ஸ்டெப்னி?"

அந்த வார்த்தை ராஜநாயகத்தை நேராகக் குத்தியது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அவர் அந்தப் பிளவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் வயிற்றில் பிள்ளையோடு மகள். இன்னொரு பக்கம் அல்போன்சாவிடமிருந்து மிச்சம் இருக்கிற ஒரே பொருள். இந்த வண்டிக்கு ஒரு தடவை ஒரு உயிரைக் கொடுத்தாயிற்று. இன்னும் இரண்டைக் கொடுக்க முடியுமா?

"நாலும் மாத்திரும்மா," என்றார்.

முதல் மூன்றும் புஸ்ஸென்று ஒரு நிமிஷத்துக்குள் அடங்கின. தங்கபுஷ்பம் நாலாவதைத் தரையில் படுக்க வைத்தாள். வால்வு மூடியைத் திருகி எடுத்தாள். உள்ளே காற்றைத் தடுத்து நிற்கிற ஊசியைக் கழற்றினாள்.

காற்று வந்தது.

மெதுவாக, சன்னமாக வந்தது. கூடவே நீலகிரித் தைல வாசனை. ரப்பரும் கிரீஸும் நாறுகிற கடையில் தைலம் எங்கிருந்து வந்தது? அல்போன்சா ராத்திரி படுக்கும்போது நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம் அது.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. ஐந்து ஆயிற்று.

நிற்கவில்லை.

வலியுல்லா கேஜை வைத்துப் பார்த்தார். முப்பத்திமூன்று.

"கம்ப்ரசர ஆஃப் பண்ணு புஷ்பம்," என்றார் மெல்ல.

கம்ப்ரசர் நின்றதும் கடை சட்டென்று அமைதியாகிவிட்டது. ரோட்டில் போகிற பஸ்ஸின் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. அப்போதுதான் மூன்று பேருக்கும் அது சரியாகக் காதில் விழுந்தது. வெறும் காற்றில்லை. காற்றுக்கு உள்ளே மெல்லிசாக ஒரு விசில். சளி கட்டின நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற விசில்.

தங்கபுஷ்பம் பின்னால் நகர்ந்தாள்.

"அண்ணே, எங்கம்மாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு," என்றாள் வலியுல்லாவிடம், குரலைத் தாழ்த்தி. "இது டயர் சத்தம் இல்லண்ணே. இழுப்பு."

சத்தம் நின்றது.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். தொழில் பழக்கம் விடுமா? விரலில் எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்தாள். மிச்சக் காற்று இருந்தால் குமிழி எழும்ப வேண்டும்.

குமிழி எழும்பவில்லை. எச்சில் உள்ளே போயிற்று.

அவள் விரல் வால்வோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே இழுத்தது.

"ஐயோ, மாதாவே!"

விரலைப் பிடுங்கிக்கொண்டு அவள் சுவரோடு சாய்ந்தாள். டயர் இழுத்தது. விட்டது. மறுபடி இழுத்தது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட வேகமாக. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கஷ்டப்பட்டு. தரையில் கிடந்த ரப்பர் தூசி வால்வுப் பக்கம் ஓடி, விலகி, மறுபடி ஓடியது.

"யா அல்லாஹ்," என்றார் வலியுல்லா.

ராஜநாயகத்துக்குப் பயம் வரவில்லை. வந்தது அதைவிடக் கொடுமை. அவருக்குப் புரிந்துபோயிற்று. அவள் போய்ச் சேரவே இல்லை. மூணு வருஷமாக அவள் அந்த ஷெட்டில், அந்தப் பங்குனி மத்தியானத்தில், பம்பை மிதித்துக்கொண்டே இருக்கிறாள். புருஷன் பிழைத்தானா செத்தானா என்று அவளுக்குத் தெரியாது. காதில் விழுந்தது ஒன்றுதான். சீக்கிரம். சீக்கிரம்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்களேன்," என்றார்.

அவர்கள் போனார்கள். அவர் கையை ஊன்றி, முழங்காலை மடக்கி, எண்ணெய்த் தரையில் உட்கார்ந்தார். டயரின்மேல் உள்ளங்கையை வைத்தார். அது விம்மி விம்மித் தணிந்தது. இந்தத் தடவை கை நடுங்குகிறது என்று அவரால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"அல்போன்சா."

இழுப்பு.

"நான்தாம்மா. நான் பொழச்சிட்டேன். நீ கொண்டுபோய்ச் சேத்துட்டே. நேரத்துக்குச் சேத்துட்டே."

இழுப்பு. இன்னும் வேகமாக.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உனக்கு முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். என் வலிதான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது. மன்னிச்சிரும்மா." வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் ஒரு தடவை குரல் உடையாதவர், டயர் கடைத் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "மெதுவா அல்போன்சா. மெதுவா. இனி ஒரு அவசரமும் இல்ல. காலை எடுத்துரு. போதும்."

இழுப்பு பாதியில் நின்றது.

கடை முழுக்க ஒரு சத்தம் இல்லை.

பிறகு அவர் கைக்கடியில் டயர் மெல்லத் தளர்ந்தது. காற்று வெளியே வந்தது. ஒரே மூச்சு. நீளமாக, நிதானமாக, நெஞ்சு நிறைய இழுத்து விட்ட மூச்சு. அதில் விசில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி ஒரு மூச்சு விட்டு அவர் கேட்டதே இல்லை. அது அவர் முகத்தில் வெதுவெதுப்பாகப் பட்டது. அப்புறம் டயர் வெறும் டயராகக் கிடந்தது.

தங்கபுஷ்பம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "பேசிட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"பேசிட்டேன்மா."

வலியுல்லா புது டயர் நாலையும் தாமே நின்று மாட்டவைத்து, காற்றுப் பார்த்து, ஸ்டெப்னியையும் மாற்றி, ரோடு வரைக்கும் கூட வந்து வழியனுப்பினார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் ராஜநாயகம் வழக்கம்போல ஷெட்டுக்குப் போனார். உறையை விலக்கிவிட்டு, பின்னால் இடது பக்கம் உட்கார்ந்து, புது டயரின்மேல் கையை வைத்தார். ரப்பர். வெறும் ரப்பர். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். போ என்று சொன்னவரும் அவர்தான், போய்விட்டாளே என்று அழுதவரும் அவர்தான். இந்த மனசுக்கு எதைத்தான் கொடுத்து ஆற்றுவது, சொல்லுங்கள். அந்த இழுப்புச் சத்தமாவது இருந்ததே என்று தோன்றியது. அப்படித் தோன்றினதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் பூசை முடிந்ததும் துணிமணியை எடுத்துக்கொண்டு கொட்டிவாக்கத்துக்குப் போய்விட்டார். பிரசவம் வரைக்கும் அங்கேதான் இருப்பதாக ஏற்பாடு. டாக்டர் சொன்ன கணக்கெல்லாம் பிள்ளைக்குத் தெரியுமா? வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு, சாப்பிட்ட தட்டைக் கழுவப் போன ஷில்பா சமையலறையிலிருந்து கத்தினாள்.

"அப்பா! பனிக்குடம் ஒடைஞ்சிருச்சுப்பா!"

மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்தார். அன்றைக்கு ஓட்டினார் பாருங்கள் ஒரு ஓட்டு! ஈசிஆரில் அவரைக் கடந்து போக எந்த ஆட்டோக்காரராலும் முடியவில்லை. திருவான்மியூர், அடையாறு பாலம், எல்லாம் வந்ததும் போனதும் தெரியவில்லை. மயிலாப்பூர்ப் பக்கம் ஷில்பா பதிவு செய்திருந்த பிரசவ ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டி ஒரு இடத்தில் அலுங்கவில்லை. வலியுல்லாவின் நடுத்தர டயர் வார்த்தையைக் காப்பாற்றியது.

ஆனால் வழி முழுக்க ராஜநாயகம் வாயைத் திறக்கவில்லை. திறக்கப் பயம். பின்சீட்டில் ஒரு பெண் வலியில் முனகுகிறாள், வாயைத் திறந்தால் என்ன வார்த்தை வந்து விழுமோ? கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். ஷில்பா கண்ணை மூடி, வாயைக் குவித்து, நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கை பக்கத்துக் காலி சீட்டின்மேல் இறுக்கி மூடியிருந்தது. பெண் தைரியசாலிதான் என்று நினைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

மூன்றேகால் மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். அறைக்கு மாற்றிய பிறகு உள்ளே விட்டார்கள். துணியில் சுருட்டின அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்து ராஜநாயகம் நெற்றியில் சிலுவை போட்டார்.

"அப்பா," என்றாள் ஷில்பா, களைத்த குரலில். "நல்லவேளை நீங்க வழியெல்லாம் சொல்லிக் குடுத்துட்டே வந்தீங்க. இல்லன்னா நான் பயந்தே செத்திருப்பேன்."

"என்னம்மா சொல்லிக் குடுத்தேன்?"

"மூச்சுதான். மெதுவா இழு, மெதுவா விடு, அவசரமில்லன்னு. கூடவே நீங்களும் விட்டீங்களே. அதைக் கேட்டுக்கிட்டேதான் நானும் விட்டேன்."

"நான் வாயே தொறக்கலையேம்மா."

ஷில்பா அவரைப் பார்த்தாள். பிறகு தன் இடது கையை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"முன்னாடி இருந்து வரலப்பா," என்றாள் ரகசியமாக. "பக்கத்துல இருந்து வந்துச்சு. கையைப் பிடிச்சிட்டு இருந்தாங்க."

குழந்தை தூக்கத்தில் ஒரு தடவை நெளிந்தது. அவர் எழுந்து, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

டீக்கடைக்கு அவர் போகவில்லை. கார் நின்ற இடத்துக்குப் போனார். வெயில் இன்னும் இறங்கவில்லை. கதவுப்பிடி கையைச் சுட்டது. பின்கதவைத் திறந்து, வலது பக்கத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது.

"அல்போன்சா."

பக்கத்துக் காலி சீட்டின்மேல் கையை வைத்தார்.

"வந்தியாமே. பொண்ணு சொன்னா."

வேர்வை கண்ணில் வழிந்தது.

"எனக்கும் ஒரு தடவை கேக்கணும்மா. ஒரே தடவை."

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் மூச்சுச் சத்தம் அவளுடையதை மறைத்துவிடப் போகிறதே என்று மூச்சைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். ஒரு சத்தமும் வரவில்லை. கடைசியில் கண்ணைத் துடைக்கத் திரும்பியபோதுதான் பார்த்தார்.

இடது பக்க ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருந்தது.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை மூட்டம். கொதிக்கிற கண்ணாடியில். உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் வாய் இருக்கும் உயரத்தில்.

அது ஓரங்களில் கரைந்து சிறுத்தது.

மறுபடி பெரிசாயிற்று.

அவர் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு வெளியே பார்க்கிறவர்களுக்குத்தான் மூச்சு அப்படிப் படியும். அந்தப் பக்கம்தான் ஆஸ்பத்திரிக் கட்டடம். இரண்டாம் மாடியில்தான் ஷில்பாவும் குழந்தையும். அல்போன்சா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் பக்கம் திரும்பவே இல்லை.

ராஜநாயகத்துக்கு நெஞ்சு விண்டுபோயிற்று. மூணு வருஷம் கையை வைத்துக் காத்துக் கிடந்தவரை ஒரு பார்வை பார்க்கக் கூடாதா? போ என்று சொன்னதற்கு இந்தத் தண்டனையா? அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரும் குனிந்து அந்த ஜன்னல் வழியாக மேலே பார்த்தார். இரண்டாம் மாடி தெரியவில்லை. நடுவில் ஒரு தூண் மறைத்தது.

அடப்பாவமே, இத்தனை நேரம் இதையா பார்த்துக்கொண்டிருக்கிறாள்?

அவர் இறங்கி முன்சீட்டில் போய் உட்கார்ந்து வண்டியை எடுத்தார். முன்னால் விட்டு, பின்னால் விட்டு, மறுபடி முன்னால் விட்டு, தூண் மறைக்காத இடமாகப் பார்த்து நிறுத்தினார். இப்போது ஷில்பாவின் அறை ஜன்னல் இடது பக்கமாக நேரே தெரிந்தது. நர்ஸ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரைச்சீலை ஓரமாக நின்றிருந்தாள்.

"தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

பின்னால், இடது பக்கக் கண்ணாடியில், மூட்டம் மெல்ல மெல்லப் பரவி ஜன்னல் முழுவதையும் நிறைத்தது. பிறகு அதன் நடுவில், உள்ளிருந்து யாரோ பார்ப்பதற்காகத் துடைத்ததுபோல, ஒரு கை அகலம் தெளிவாயிற்று.